நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நீண்டகாலப் பார்வை

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 11.20. லிஃப்டில் மாட்டியவர்கள் மூன்று பேர். உங்கள் கேள்வியால் கெட்டுப்போனவர்களும் அதே மூன்று பேர்.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அத்தையின் பொறுமையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மரியாதை இந்தப் பத்தியோடு முடிந்தது. இனிமேல் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருப்பதும், அதை எனக்குத் தருவதாக மானேஜர் சொன்னதும், திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அம்மாவிடம் சொன்னால் உங்களுக்குப் போய்ச் சேர ஒரு போன் மணி அடிக்கும் நேரம்தான் ஆகும். அன்றைக்கே கிளம்பி வந்து, என் கட்டிலில் செருப்போடு சாய்ந்துகொண்டு, "டேய் மாப்ளே, லிஃப்டு மேல ஏறி உக்காந்து கிரீஸ் பூசுறதெல்லாம் ஒரு வேலையாடா? கொஞ்சம் தள்ளி நின்னு உன் வாழ்க்கையப் பாரு. அறுபது வயசுல திரும்பிப் பார்த்தா, இந்த முடிவுக்கு நீயே எத்தனை மார்க் போடுவ?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "உடனே சொல்லாத, ஊறப் போடு" என்றீர்கள். ஊறப் போட அது என்ன அழுக்குத் துணியா மாமா?

நான் எந்திரவியல் படித்தவன். ஒரு எஃகுக் கயிற்றைக் காட்டி இது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்வேன். அறுபது வயதில் நான் யார், என் முடி எங்கே, என் புத்தி எங்கே என்று எந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுவது? இன்னும் பிறக்காத ஒரு கிழவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இன்றைக்கு நான் சாப்பிட வேண்டுமா? சரி, அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த நீங்களாவது பாஸாகிவிட்டீர்களா? ஒரே ஆபீசில் ஒரே ஜன்னலோரம் காலம் தள்ளி, 'ரிட்டயர் ஆனதும் நிம்மதி' என்று சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனீர்கள். ஆன மறுமாசமே, வீட்டில் பைத்தியம் பிடிக்கிறது என்று அதே ஆபீஸ் வாசலில் போய் நின்று, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் "என்னப்பா, என் சீட்ல யாரு?" என்று விசாரித்துவிட்டு வந்தீர்கள். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி லிஃப்ட், எங்கள் தலைமை அலுவலகத்திலேயே, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் இதைவிட அவமானம் கிடையாது. உள்ளே மானேஜர், கணக்குப் பிரிவு அம்மா, விற்பனைப் பிரிவில் 'இஸ்திரி' என்று நாங்கள் கூப்பிடும், சட்டை கசங்காத ஒரு இளைஞன். மொட்டை மாடி எந்திர அறைக்கு நானும் என் கூட்டாளி பல்லியும் ஓடினோம். (சுவரில் அவன் ஏறுகிற அழகுக்கு வைத்த பெயர்.) கரண்டை அணைத்து, பல்லி பிரேக் நெம்புகோலை விடுவித்துப் பிடித்துக்கொள்ள, நான் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கதவு திறக்கும்வரை உள்ளே இருப்பவர்களைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் பயம் வரும், பயந்தவர்கள் கதவைப் பிய்ப்பார்கள். லிஃப்டுக்குப் போகும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன். மழை வருமா என்று கேட்டேன், பிள்ளைகள் படிப்பைக் கேட்டேன், எல்லாம் தீர்ந்துவிட்டது. கணக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவசரத்துக்கு வாயில் என்ன வரும்? நீங்கள் அடைத்து வைத்ததுதான் வந்தது.

"சார், அறுபது வயசுல திரும்பிப் பார்த்தா இந்த வேலைக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"தம்பி, எனக்கு அடுத்த மாசம் அறுபது" என்றார் மானேஜர்.

"அப்ப இப்பவே போடுங்க சார்."

மானேஜர் வாய்க்குள்ளேயே எதையோ கூட்டிக் கழித்தார். பிறகு, "நூத்துக்குப் பன்னெண்டு" என்றார். "அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்காக."

"உங்களுக்காவது பன்னெண்டு வந்துச்சு" என்று கணக்கு அம்மா ஆரம்பித்தார். மூச்சுத் திணறல் போன இடம் தெரியவில்லை. "உங்க கையெழுத்துக்காக உங்க ரூம் வாசல்ல நான் நின்ன நேரத்தைக் கூட்டினா, இன்னொரு பிள்ளையைப் பெத்து வளர்த்திருப்பேன்."

இஸ்திரி அழுதுவிட்டான். "எனக்கு டிரம்ஸ் வாசிக்கணும் சார்!"

"வாசியேன்பா, யாரு வேணாங்கிறா?"

"நீங்கதான்! லீவே தரமாட்டேங்கிறீங்க!"

"அண்ணே, நெம்புகோலைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப்போச்சு" என்று பல்லி என்னிடம் கெஞ்சினான். "வாழ்க்கையெல்லாம் வெளிய வந்து பேசச் சொல்லுங்க."

இதில் ஒன்றை நான் மறந்துவிட்டேன். அந்தப் போன் தொடர்பு எந்திர அறையோடும் லிஃப்டோடும் நிற்காது, கீழே காவலாளி மேசைக்கும் போகும். நான்தான் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். காவலாளிக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருப்பார். சாப்பாட்டு நேரம், கீழ்த்தளம் முழுக்க ஆள். ஒருவழியாகப் பெட்டியை நான்காம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்துவிட்டோம். மானேஜர் படியிறங்கி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் "பன்னெண்டு வாழ்க!" என்று கத்தினான்.

அன்று சாயங்காலமே இஸ்திரி ராஜினாமா. அவன் அப்பா எனக்குப் போன் போட்டு, "நீ நல்லா இருப்பியா?" என்றார். கணக்கு அம்மா இப்போது மானேஜர் வாசலில் நிற்பதே இல்லை, கோப்புகளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். மானேஜர் என்னைத் துரத்திவிடுவார் என்று பார்த்தால், கூப்பிட்டு உட்கார வைத்து, "இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்ல தம்பி. எதுனாலும் பின்னால சரியாயிடும், பின்னால சரியாயிடும்னே இருந்துட்டேன்" என்றார். கேட்டுக்கொண்டீர்களா மாமா? உங்கள் நீண்டகாலப் பார்வையை ஒரு மனுஷன் வேலை வாழ்க்கை முழுக்கப் பயன்படுத்தியதன் சோதனை முடிவு அது. பன்னிரண்டு.

எனக்குக் கதவு திறக்கும் அந்த ஒரு நொடி போதும். உள்ளே வியர்த்து நிற்பவர்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒரு முகம் காட்டுவார்களே, அந்த முகத்தைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது. அதனால் அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். நீங்களும், உங்கள் அறுபது வயசுக் கிழவனும், கட்டிலில் செருப்போடு சாயும் பழக்கமும், மூன்றும் என்னை விட்டுவிடவும்.

அத்தைக்கு என் வணக்கம். அவருக்கு நீண்ட ஆயுளும், உங்களுக்கு நீண்ட மௌனமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: மேலே வேண்டாம் என்று எழுதியதை நம்பிவிடாதீர்கள், நேற்று மாலையே மானேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். லிஃப்ட் நின்றதற்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு கதவுப் பூட்டு; அது சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் தானாகவே நின்றுவிடும். அதை மாற்றக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. பழைய தலைவர், "ஐந்தாண்டுத் திட்டத்துல சேர்த்துக்கலாம்" என்றார். அவர் போனபிறகு கையெழுத்துப் போட ஆளே இல்லை. நேற்று அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். கோபம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அறுபது வயசுக்காக இல்லை மாமா, செவ்வாய்க்கிழமைக்காக. இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை போய் அந்த நாற்காலியில் உட்காருவேன்.

2. முதல் கையெழுத்து, புதுப் பூட்டுக்கு.

3. செவ்வாய்க்கிழமை அதை நானே மாட்டுவேன். தலைவர் ஸ்பானர் பிடிக்கக் கூடாது என்று எவராவது சொன்னால், அவர் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வேன்.

4. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல நீங்கள் கிளம்பி வருகிறீர்கள் என்று தெரிந்தால், எங்கள் குடியிருப்பு லிஃப்டில் (அதுவும் எங்கள் கம்பெனி பராமரிப்புதான்) 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று பலகை மாட்டச் சொல்வேன். இப்போது எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. எங்கள் வீடு ஏழாம் மாடி. யோசித்து வாருங்கள்.