ஒரு கட்டை அப்பா

சங்கீதம் நன்றாகத் தெரிந்தவர்களால் ஒரு வீட்டுக்கு ஆபத்து கிடையாது. சுத்தமாகத் தெரியாதவர்களாலும் கிடையாது. எட்டு மாதம் கற்றுக்கொண்டு நிறுத்தியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் விசேஷ நாட்களில் கட்டிப்போட்டு வைக்க வேண்டும்.

நான் எட்டு மாதம் கற்றுக்கொண்டவன். பத்து வயதில், நாட்டின் தலைநகரில், மோதி பாக் அரசுக் குடியிருப்பில், எதிர் வீட்டு மாமியிடம். மாமியே ஒரு நாள் என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்குக் கணக்கு நன்றாக வரும் போலிருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். (கணக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.) அந்த எட்டு மாத ஞானம் முப்பது வருடம் எனக்குள் சும்மா கிடந்து, என் மகள் நிவி பாட ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நிவி அப்போது ஏழாம் வகுப்பு. ஜனக்புரியில் அவள் படித்த பள்ளியில் வருடாவருடம் இசைவிழா நடக்கும். பதினான்கு வயலின், மூன்று கீபோர்டு, புல்லாங்குழல், டிரம்ஸ் என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ரா. அதற்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் சேர்ந்து பாடும் குழு. முன்னால், மைக்கின் எதிரே, தனியாகப் பாடுகிறவர்கள். நிவி மூன்று வருடம் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் எப்போதும் ஓர் உயரமான பையன் நிற்பான். மூன்று வருடப் போட்டோவிலும் எங்கள் மகளின் ரிப்பன் மட்டும் தெரியும்.

அந்த வருடம்தான் அவளுக்குத் தனிப்பாட்டு கிடைத்தது. மழையைப் பற்றி மியூசிக் மேடமே மெட்டமைத்த இந்திப் பாட்டு. அதன் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் மட்டும் தமிழ். மேடை இருட்டாக இருக்கும், நிவிமேல் மட்டும் ஒரு விளக்கு, பின்னால் தம்பூரா மட்டும். அவள் முடித்ததும் ஆர்க்கெஸ்ட்ராவும் குழுவும் மழைபோல் இறங்க வேண்டும். தமிழ் வரிகளை அவள் இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பழகினாள். (தமிழ் எழுத்தில் படித்தால் ஒரு வரிக்கு ஒரு வாரம் ஆகும்.) மூன்று மாதம் எங்கள் துவாரகா ஃப்ளாட்டில் அந்த நான்கு வரிகளைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. அவள் பாடும் நேரத்தில் என் மனைவி குக்கர்கூட வைக்க மாட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் பள்ளியின் தம்பூராப் பெட்டி செத்துப்போனது. யாருடைய போனிலாவது தம்பூரா ஆப் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். ஒத்திகை பார்க்க வந்த பெற்றோர்களில் ஒரே ஒரு கை உயர்ந்தது. ஆமாம், அந்தக் கைதான்.

"போனை அந்த சவுண்டுக்காரர்ட்ட குடுத்துட்டு நம்ம வரிசையில வந்து உக்காருங்க. நீங்க என்னத்துக்கு ஸ்டேஜ் ஓரத்துல நிக்கணும்?" என்றாள் மனைவி.

அந்த போனின் குணம் எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில், பாடகிக்குச் சுருதி கொடுத்தவர் என்று நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நப்பாசை.

நிவிக்குச் சுருதி ஐந்து கட்டை. ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க அதே ஐந்தில்தான் வாசிக்கும். மறுநாள் மதியம் ஒத்திகையில் ஐந்து வைத்துப் பார்த்தோம், அமிர்தமாக இருந்தது. சவுண்டுக்காரர் ராம்பால் ஐம்பது வயது மனிதர், பத்து வருடமாக அந்தப் பள்ளிக்கு மைக் வைக்கிறவர். என் போனில் வயரைச் செருகிச் சோதித்துவிட்டு, ஃப்ளைட் மோடில் போடச் சொன்னார். அதற்கப்புறம் தயவுசெய்து தொடாதீர்கள் என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். நான் அவர் கண்முன்னே போட்டுக் காட்டினேன். பிறகு வயரைக் கழற்றி, போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விழா தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒப்பனை அறை காலியாகக் கிடந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைச் சுற்றிலும் பல்பு.

வாசகர்களே, எட்டு மாதம் சங்கீதம் படித்தவனை அப்படிப்பட்ட அறையில் தனியாக விடக் கூடாது. தம்பூராவைப் போட்டேன். ஐந்து கட்டை எனக்கு எட்டாதாகையால் என் வசதிக்கு ஒரு கட்டைக்கு இறக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய அந்த நான்கு வரிகளைப் பாடினேன். நன்றாக வந்தது. (என் காதுக்கு.) நன்றாக வந்ததால் மறுபடி பாடி வீடியோ எடுத்தேன். எடுத்ததைச் சும்மா வைத்திருப்பானேன் என்று ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, இருபத்து மூன்று பேர் உள்ள எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். திருநெல்வேலியிலிருந்து ஓர் அத்தை உடனே இரண்டு கைகூப்பும் படம் அனுப்பினார். அந்தப் பெருமிதத்தில் இருந்தபோது மணி அடித்தது. ஓடிப்போய் மேடை ஓரத்தில் வயரைச் செருகினேன்.

நான் எதை மறந்தேன் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

அரங்கம் இருண்டது. நிவி நீலப் பாவாடையில் விளக்குக்குள் வந்து நின்றாள். நான் பட்டனை அமுக்கினேன். சிக்னலில் நிற்கும் லாரிபோல ஓர் உறுமல் அரங்கம் முழுக்கப் பரவியது. நிவி ஒரு வினாடி தயங்கினாள். பிறகு அப்பா கொடுத்த சுருதியாயிற்றே என்று நம்பி, அதையே பிடித்துத் தொடங்கினாள்.

முதல் வரியிலேயே குரல் அடித்தளத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது வரியில் அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. அங்கே குரலே இல்லை, காற்றுதான் வந்தது. பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தைரியம் கொடுப்பதற்காகத் தம்பூராவின் சத்தத்தைக் கூட்டினேன். அதோடு விட்டேனா? பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சரிடம் குனிந்து, "கொஞ்சம் நெர்வஸ்" என்று பெரிய மனதோடு சொன்னேன். அன்று நான் செய்தவற்றில் இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிவி பாடிக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் போனைப் பார்த்தேன். ஒன்று.

பதறிப்போய் ஐந்தைத் தொட்டேன். அது இலவச ஆப். எதையாவது மாற்றினால், நெட் இருந்தால், நடுவில் ஒரு விளம்பரம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். தம்பூரா நின்றது. இருண்ட அரங்கத்தில், எட்டு ஸ்பீக்கரிலும், ஒருவர் மிகுந்த கருணையோடு கேட்டார்:

"க்யா ஆப் பீ குட்னோ கே தர்த் ஸே பரேஷான் ஹைன்?"

உங்களுக்கும் முழங்கால் வலியா என்று விசாரித்தார் அந்தப் புண்ணியவான். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஹான் ஜி" என்று ஆமோதித்தார்.

அரங்கமே சிரித்தது. வயலின் பிள்ளைகள் வில்லை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். தைலத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். நான் வயரைப் பிடுங்கியிருக்கலாம். போனை அணைத்திருக்கலாம். ஆனால் நான் செய்தது, போனின் வாயை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி வயிற்றோடு அமுக்கிக்கொண்டது. சத்தம் அதிலிருந்தா வருகிறது? கடைசியில் அரங்கத்தின் மறுகோடியிலிருந்து ராம்பால்தான் நிறுத்தினார்.

நிவி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மேடம் அவளை ஒரு நொடி பார்த்தார், பிறகு கையை உயர்த்தினார். ஆர்க்கெஸ்ட்ரா நேராக இரண்டாம் பகுதிக்குப் போனது. அறுபது பிள்ளைகளும் மழையைப் பிரமாதமாகப் பெய்வித்தார்கள். நிவி அந்த விளக்குக்குள்ளேயே, பாட ஒன்றும் இல்லாமல், பாட்டு முடியும்வரை நின்றாள். அந்த வருடம் அவளுக்கு முன்னால் உயரமான பையன் யாரும் இல்லை. எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தாள்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மேடம் ராம்பாலைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாத உழைப்பு, குழந்தையின் முதல் தனிப்பாட்டு, இப்படியா சாமான் கொண்டுவருவீர்கள், அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இந்தியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டடி தள்ளி நான் நின்றேன். போன் என் பாக்கெட்டில் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் நிவி.

மேடம் என் பக்கம் திரும்பி, என்ன நடந்தது என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டார்.

"சிஸ்டம் ப்ராப்ளம் ஹோகா, மேடம்" என்றேன். சிஸ்டத்தில்தான் கோளாறாக இருக்குமாம்.

மூவரும் மெட்ரோ பிளாட்பாரத்துக்கு வந்தோம். அங்கே மனைவி தன் போனைத் திறந்தாள். குடும்பக் குழுவில் நாற்பது செய்தி. நிவி அதை வாங்கி என் வீடியோவைப் போட்டாள். கண்ணாடி, பல்பு, கண்ணை மூடிய நான். இரண்டு நிமிடமும் பார்த்தாள்.

"நீங்க ஃபுல்லா பாடிட்டீங்கல்லப்பா" என்றாள்.

அழவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "அந்த சவுண்டுக்காரர் பாவம்ங்க" என்று மட்டும் மனைவி சொன்னாள். வண்டி வந்தது. அவர்கள் ஏறினார்கள், நான் ஏறவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முகத்துக்கு எதிரே துவாரகாவரை உட்கார்ந்து போக முடியாது, அவ்வளவுதான்.

பள்ளிக்குத் திரும்பிப் போனபோது ராம்பால் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேடமும் பிரின்சிபாலும் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பெட்டியைத் தொலைத்தவன்போல உளறியதால் மேடம் நம்பவில்லை. ராம்பாலைக் காப்பாற்ற நல்ல மனதோடு பழியை ஏற்கிறேனாம். வேறு வழியில்லாமல் ஆதாரத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று வீடியோவைக் கடைசிவரை பார்த்தார்கள். நான் எப்போது மேல் ஸ்தாயிக்குப் போவேன் என்று எனக்குத் தெரியுமாகையால், அதற்கு முன்பே தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். முடிந்ததும் பிரின்சிபால், "நைஸ் வாய்ஸ்" என்றார். அடித்திருந்தால் தேவலாம். மேடம் ராம்பாலிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் பேசவில்லை.

வயர் யாருடைய போனுக்குப் போனது என்று ராம்பாலுக்குத் தெரியாதா? அப்போதே ஏன் சொல்லவில்லை என்று வாசலில் அவரிடம் கேட்டேன். வயரைச் சுருட்டியபடியே, "பச்சி கடீ தீ நா, சாப்" என்றார். பிள்ளை நின்றுகொண்டிருந்ததே, ஐயா. அதன் எதிரில் அதன் அப்பாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று அவர் யோசித்த நேரத்தில், அந்த அப்பா அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறான்.

நிவி பத்தாவதுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், அவளுக்கு மார்க் குறைந்தாலும், சாம்பாரில் உப்பு ஏறினாலும், குற்றவாளி "சிஸ்டம் ப்ராப்ளம் ஹோகா" என்று சொல்லி என்னைப் பார்ப்பது வழக்கம். திருநெல்வேலிவரை பரவிவிட்டது. ராம்பால்தான் இன்றும் அந்தப் பள்ளிக்கு மைக் வைக்கிறார். ஒவ்வொரு வருடமும் அரங்க வாசலில் என்னைக் கண்டதும் கையை நீட்டுவார். நான் போனைக் கொடுப்பேன். அவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

போன வருடம் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு புது அப்பா இதைப் பார்த்துவிட்டு, எதற்காக போனைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளி விதி என்று சொல்ல வாயெடுத்தேன். நிவி பக்கத்தில்தான் நின்றாள். எனவே கண்ணாடி, பல்பு, முழங்கால் ஒன்றையும் விடாமல் முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் போனையும் எடுத்து ராம்பால் கையில் வைத்துவிட்டு, தானும் கொஞ்சம் பாடுவதுண்டு என்றார்.