சோஃபர் என்றால் சூடாக்குகிறவன்

அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை மூன்று மாதம் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவன் நான். 'சோஃபர் கைட்' என்ற அந்த அட்டையை எனக்கு யாரும் தரவில்லை. மன்னார் பட்டினத்தில் நானே அச்சடித்து, நானே பிளாஸ்டிக் உறையும் போட்டது. அப்பா லொறி ஓட்டினார், ஊர் அவரை டிரைவர் என்றது. நான் சுற்றுலாக்காரருக்கு இடம் காட்டி வான் ஓட்டினேன், ஆனால் டிரைவர் இல்லை, சோஃபர். (அது டிரைவரிலும் பெரிய உத்தியோகம் என்று அம்மா அயலுக்குள் சொல்லி வைத்திருந்தார். நானும் நம்பினேன்.)

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "ஒரு பயணியைத் தனியக் கூட்டிக்கொண்டு போ. அவர் நல்லபடி எழுதித் தந்தால் நிரந்தரம். இல்லையெண்டால் அப்பான்ர லொறிதான்," என்று சுற்றுலாக் கந்தோர் முதலாளி சொல்லிவிட்டார். வானில் புதுக் கம்பளம் விரித்திருந்தது. அதில் ஒரு பொட்டு மணலும் விழக்கூடாது என்பது அவருடைய இரண்டாவது கட்டளை.

வந்தவர் மனோ அக்கா. வெள்ளாங்குளத்தில் பிறந்து, இருபது வயதில் பாரிசுக்குப் போய், முப்பது வருடம் கழித்துத் தனியாக வந்திருந்தார். வானை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "வேற நிறத்தில இல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"வெள்ளைதான் அக்கா வெயிலுக்கு நல்லது," என்றேன். என் மூளையின் ஆழத்தை அந்த ஒரு வசனத்திலேயே அளந்துகொள்ளலாம்.

தாழ்வுபாடு கிராமத்தைத் தாண்டும்போது என் அட்டை அவர் கண்ணில் பட்டது.

"உது பிரெஞ்சுச் சொல். கருத்துத் தெரியுமோ?"

"ஓம் அக்கா. ராசாக்களுக்கு வண்டி ஓட்டினவை." (அந்த நிமிடம் பிறந்த வரலாறு.)

"இல்லைத் தம்பி. சூடாக்கிறவன் எண்டு கருத்து. முந்தி நீராவியில ஓடின வண்டியளுக்கு நெருப்பு மூட்டிக் கொதிக்க வைச்சவன். பிறகு கார் ஓட்டினவனுக்கும் அந்தப் பேர் ஒட்டியிட்டுது."

"அப்ப நான் அடுப்பூதிறவன்," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் முந்தி இன்னொரு கருத்து இருந்தது. அது வான் ஓடிக்கொண்டு கேக்கிற கதையில்லை," என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

அவரைச் சந்தோசப்படுத்த, பயணப் பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்கு வானைத் திருப்பினேன். கடலோரத்தில் கூரை போன ஒரு சிறிய மாதா கோயில். "செருப்பை வானடியில விடுங்கோ அக்கா, இடிஞ்சாலும் கோயில்தானே," என்றேன். பாதி பக்தி, பாதி கம்பளம். என் செருப்பையும் பக்கத்திலேயே கழற்றினேன். ஈர மணலோரமாக நடந்து போனோம்.

கோயிலுக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. சுற்றிவர ஆள் நடமாட்டமே இல்லை. யார் கொளுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெளியே வந்தபோது உச்சி வெயில். காற்று நின்றிருந்தது, ஒரு காகம் கூட இல்லை. (அந்த நேரத்தில் தனியிடத்தில் நிற்கக்கூடாது என்று அம்மா சொல்வார். சோஃபர்மார் அதையெல்லாம் நம்புவதில்லை.) குறுக்கு வழியென்று காய்ந்த மணலுக்குள்ளால் கூட்டி வந்தேன்.

பூட்டிவிட்டுப் போனதாக நான் நினைத்திருந்த வானின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அக்காவின் செருப்பைக் காணவில்லை. என்னுடையது மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வானுக்குள் ஏறி, கையை நீட்டினேன். "ஏறுங்கோ அக்கா."

அவர் பத்தடி தள்ளி நின்றார். சுடுமணலில் காலை மாற்றி மாற்றித் தூக்கினாரே தவிர, கிட்ட வரவில்லை.

"கெதியா ஏறுங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன்," என்றேன். உலகத்தில் அதைவிட மோசமாக ஒரு வசனத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது.

"மற்றக் கருத்தை அப்ப சொல்லேல்லை," என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கொள்ளைக்காரருக்கும் அந்தப் பேர் இருந்தது. தனிச்ச வீடுகளுக்குள்ள பூந்து, ஆக்களின்ர பாதத்தை நெருப்பில பிடிச்சுக்கொண்டு காசு எங்கயெண்டு கேக்கிறவங்கள். காலைச் சூடாக்கிறவங்கள்."

அவருடைய பாதங்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன. செருப்பைக் கழற்றச் சொன்னவன் நான்.

"சண்டைக் காலத்தில எங்கட அண்ணாவையும் வெள்ளை வான்லதான் ஏத்தினவங்கள். ஏறுங்கோ எண்டு மரியாதையாத்தான் சொன்னவங்கள். அவர் திரும்பி வரேல்லை."

வெட்கத்தில் செத்துப்போனேன். இறங்கி, என் செருப்பையும் வான் சாவியையும் அவருக்கு முன்னால் மணலில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். "நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கோ அக்கா. நான் நடந்து வாறன்," என்றேன். அந்த மணலில் வெறுங்காலோடு பெரிய றோட்டு வரை நடந்தேன். பாதம் பொங்கிவிட்டது. பின்னால் மெதுவாக வந்த வான் பக்கத்தில் நின்றது. "ஏறும்," என்றார் அக்கா.

பின்சீற்றில் ஏறி, சோடா வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பாரிஸ் பழக்கத்தில் கியர் வலப்பக்கம் இருக்கிறதென்று நினைத்து, ஒவ்வொரு முறையும் வலக்கையால் கதவில் அடித்தார். அடுத்த வளைவில் ஒரு கழுதை நின்றது. வாயில் அக்காவின் செருப்பு. வானை நிறுத்திச் சிரித்தார். பிறகு அழுதார். நான் பெட்டிக்குள் காலோடு இருந்தேன்.

கந்தோர் வாசலில் முதலாளி காத்திருந்தார். விருந்தாளியை வரவேற்கப் பின்கதவை இழுத்துத் திறந்து, "வாங்கோ மேடம்," என்று குனிந்தார். மேடத்தின் இடத்தில் நான். கம்பளம் முழுக்க மணலும் ஐஸ் தண்ணீரும். அக்கா என் செருப்போடு முன்கதவால் இறங்கி, கடதாசி கேட்டு நின்றபடியே எழுதினார்: 'இந்தப் பிள்ளையை நம்பலாம். வானின் நிறத்தை மாற்றுங்கோ.'

வேலை நிரந்தரமானது. அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். ஆனால் ஒரு வியாதி மிஞ்சிவிட்டது. யாரையும் பார்த்து 'ஏறுங்கோ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. கதவைத் திறந்துவிட்டு, தள்ளி நின்று, "விருப்பமெண்டால் ஏறலாம்," என்பேன். கலியாணத்தன்று கோயில் வாசலில் சோடித்த காரின் கதவைத் திறந்து, மணவறைச் சேலையோடு நின்ற பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். சனம் முழுக்கக் கேட்டது. மாமா திகைத்துப்போய், "இனியென்ன விருப்பம் கேக்கிறீர் தம்பி?" என்றார்.

பதின்மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி இந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் என்னைப் பார்த்து, "நான் இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்கிறாள்.