கழிப்பறைக்குத் தகுதிச் சான்று

கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி ஒன்று, பழைய கழிப்பறையை இடித்துவிட்டுப் புதியது கட்டியது. பளிங்கு மாதிரி டைல்ஸ், கை நீட்டினால் தானே கொட்டும் குழாய், கதவில் சிரிக்கும் யானைக்குட்டி. விருந்தினர் ரிப்பன் வெட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் பூட்டிவிட்டார்கள். பூட்டியிருந்ததால் அழுக்காகவில்லை. அழுக்காகாததால் ஏதோ ஒரு சங்கம் ‘மிகத் தூய்மையான கழிப்பறை’ விருது கொடுத்தது. விருது கிடைத்த பிறகு அதைத் திறக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இரண்டாம் வகுப்பு ஜானவி காலையில் வீட்டில் போனால், அடுத்தது சாயங்காலம் வீட்டில்தான். புத்திசாலிக் குழந்தை. தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று பாட்டிலைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. பாத்ரூமில் உட்கார்ந்து கதறினாள்.

“எரியறதும்மா! இனிமே நான் போகவே மாட்டேன்!”

வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த அவள் அம்மா மீரா, லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஹரிகுமாரிடம் ஓடினாள்.

“மூத்திரத்துல இன்ஃபெக்‌ஷன். மருந்துல மாறிடும்,” என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். “ஆனா அடக்கி வச்சா திரும்பத் திரும்ப வரும், கேட்டோ. கிட்னியையே பாதிக்கலாம். நிறைய வெள்ளம் குடிக்கணும். ரெண்டு மூணு மணிக்கூருக்கு ஒருதடவை போகணும்.”

கிட்னி என்றதும் மீரா மறுநாளே பள்ளி முதல்வர் ஸ்நேகாவின் முன்னால் போய் நின்றாள்.

“கழிப்பறைன்னா கிருமி அல்லே மேடம்? குழந்தைகள் மேல உள்ள அக்கறையினாலதான் யாரையும் உள்ளே விடறதில்ல.”

“விடாததாலதான் என் பொண்ணுக்கு இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு!”

முதல்வரின் முகம் மலர்ந்தது. “அப்போ எங்க கழிப்பறையிலேருந்து வரலை. அதை எழுதிக் கொடுக்க முடியுமா?”

மீரா போட்ட சத்தத்தில் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, விஷயத்தைக் கனிவுடன் பரிசீலித்தது. சுற்றறிக்கை வந்தது: ‘மேற்படி உபாதை உறுதிசெய்யப்பட்ட மாணாக்கர் மட்டும், மருத்துவச் சான்று சமர்ப்பிக்கும் பட்சத்தில், சிறுநீர் கழிக்கத் தகுதியுடையவர் ஆவர்.’ ஜானவியின் கழுத்தில் ஒரு மஞ்சள் கார்டு தொங்கியது.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் கொந்தளித்தது. அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்? டாக்டர் ஹரிகுமாரின் கிளினிக்கில் உட்கார இடமில்லை. ஜானவியின் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா சுமந்த், மகனைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

“இவனுக்கு இன்ஃபெக்‌ஷன்னு ஒரு சர்டிஃபிகேட் வேணும், டாக்டர்.”

“டெஸ்ட்ல ஒண்ணுமில்லையே. நல்லா இருக்கான்.”

“நல்லா இருந்தா எப்படி டாக்டர் ஒண்ணுக்குப் போவான்?”

மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. பையனோ கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் எங்கு பார்த்தாலும் மஞ்சள் கார்டுதான். ஜரிகை நாடா வைத்தார்கள், பெயர் பொறித்தார்கள். பிறந்தநாள் பார்ட்டிக்கும் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு போனார்கள். கார்டு இல்லாத குழந்தையின் அம்மாவைப் பார்த்து மற்ற அம்மாக்கள் பரிதாபப்பட்டார்கள். பள்ளி தன் விளம்பரப் பலகையில் ‘மருத்துவ மேற்பார்வையில் கழிப்பறை’ என்று ஒரு வரி சேர்த்தது.

மருந்து முடிந்து, மீரா மகளை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் சிரித்தார்.

“ஒரு கொழப்பமும் இல்லை. பூரண குணம்!”

மீராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அப்போ ஸ்கூல்ல கார்டைத் திருப்பி வாங்கிண்டுடுவாளே! அடக்கி வச்சா மறுபடி வருமே?”

“வரும்.”

“வந்தா கார்டு குடுப்பா?”

“குடுப்பாங்க.”

“அப்போ வராம இருக்கணும்னா, இன்னும் இருக்குன்னு எழுதிடுங்கோளேன்.”

டாக்டர் ‘சிகிச்சை தொடர்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜானவி பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்து, “அங்கிள், இங்கே பாத்ரூம் திறந்திருக்குமா?” என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

மீரா எழுந்தாள். டாக்டர் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரு உபகாரம். அடுத்த வருஷம் என் மோளுக்கு அங்கே ஒரு சீட் வேணும். நல்ல சுத்தமான ஸ்கூல்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு முதல்வரைத் தெரியுமே?”

“தாராளமாச் சொல்றேன் டாக்டர்,” என்றாள் மீரா. “குழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் இருக்கோன்னோ?”