முகம் பார்த்து எழுதியவர்

ஆனந்தகுமார் அந்த வேலையில் சேர்ந்தது ஜூனிலா ஜூலையிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மழை பெய்தது நினைவிருக்கிறது. அது வேறு வருஷத்து மழையாகவும் இருக்கலாம். முதல் வாரமே அவர் டி.வி. முன்னால் தூங்கிப்போனார் என்பது மட்டும் உறுதி.

இருபத்திரண்டு வருஷம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். அது மூடியதும், மெட்டுகுடாவில் அவர் தெருவிலேயே வளர்ந்த ராகேஷ், மாதாப்பூரில் தான் நடத்தும் நிறுவனத்தில் இடம் கொடுத்தான். கொரிய நாடகம், பேய்ப்படம், ஜப்பானியக் கார்ட்டூன் என்று உலகம் பார்ப்பதையெல்லாம் பார்த்து, மக்கள் எங்கே மயங்குகிறார்கள் என்று எழுத வேண்டும். யூட்யூபில் வீடியோ போடுகிறவர்கள் அதைப் படித்துத் தொழில் கற்பார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம். பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் ஐம்பது வயதில் மறுபடி வேலை தேட வேண்டும்.

எந்தப் படமானாலும் பன்னிரண்டாவது நிமிஷம் அவருக்குக் கண் சொருகியது. ஷிப்ட் பார்த்த உடம்பு. மனைவி பாமாவிடம், நீ பார்த்துக் கதையைச் சொல் என்றார். அவள் நாலாவது பாகத்தை முதலில் சொன்னாள். நடுவில் கேள்வி கேட்டால் சண்டைக்கு வந்தாள்.

பழைய கம்பெனியில் ஒரு விதி உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. பார்த்ததை நேரம் போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாமாவைப் பார்த்தார். தூக்கம் வரவில்லை.

‘4.14: கண்ணைத் துடைத்தாள். 4.20: பால் பொங்கியது, எழவில்லை. 4.31: என்னை முறைத்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை.’

அறிக்கை கிடைத்ததும் ராகேஷ் இன்னும் பத்து நாடகங்கள் அனுப்பினான். அவற்றில் வரும் ஆண்களையெல்லாம் பார்த்த பிறகு பாமா புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சமையலும் நின்றது. பேய்ப்படங்களையாவது மகளிடம் கொடுக்கலாம் என்று ஹர்ஷிதாவைக் கேட்டார்.

"கைக்குப்பா, நான் ஏன்? எனக்கு எக்ஸாம் இருக்கு. நக்கோ, வேணாம்."

பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தாள். அவள் அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். ‘5.02: அலறல். 5.03: அயலார் நால்வர் வருகை. 5.05: அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கடைசி வாரம் ராகேஷ் போன் செய்தான். வெள்ளிக்கிழமை வீடியோக்காரர்கள் முப்பது பேர் வருகிறார்கள், அங்கிள்தான் நேரில் பேச வேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமா என்று முடிவாகும் என்றான்.

அன்று முதல் கேள்வியே ஒரு கொரிய நாடகத்தைப் பற்றி. கடைசியில் அதன் கதாநாயகி ஏன் திரும்பி வரவில்லை என்று ஒருவர் கேட்டார். ஆனந்தகுமார் மைக்கை வாங்கினார். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பார்க்காததை எழுதக் கூடாது என்றால் சொல்லவும் கூடாதுதானே.

"தெரியாதுங்க. நான் அதுல ஒண்ணுகூடப் பாத்ததில்ல. பாத்தவங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

"என்ன அங்கிள் இது?" என்று ராகேஷ் எழுந்தான்.

மூலையில் லேப்டாப்போடு இருந்த பிந்து தலையைத் தூக்கினாள். அறிக்கைகளைத் தொகுப்பவள் அவள்.

"அவர என்ன சார் சொல்றது? நம்மள்ல ஒருத்தராவது அந்தப் படங்களப் பாத்திருந்தா, அவர் எழுதினது அந்தக் கதையே இல்லன்னு மூணு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்குமே."

பார்ப்பவர்கள் மயங்கிய நிமிஷமெல்லாம் இருந்ததால், வந்திருந்த முப்பது பேரும் அந்த முகக் குறிப்புகளுக்குத்தான் நகல் கேட்டார்கள். ஆனந்தகுமாரின் வேலை நிரந்தரமானது. ஹர்ஷிதா பரீட்சையில் தேறினாள். பாமா பேசுகிறாள். ராகேஷ் இப்போது படம் பார்க்கிறான்.