சுருக்கக் கூடாத பின்னம்

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். ஸ்கூட்டர் மட்டும் நலமில்லை, அதன் சாவி உன் அக்காவின் கைப்பைக்குள் சிறையில் இருக்கிறது. அங்கே நீங்கள் எல்லோரும் சுகம்தான் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் டாக்டரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். போனேன். பார்வை அளக்கும் பெண் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "சார், அட்டையில தெரியறத மேலேருந்து படிங்க" என்றாள். மேலே பூதாகாரமாக ஒரே ஒரு எழுத்து. டாண் என்று சொன்னேன். "அதுக்குக் கீழ?" என்றாள். கீழே எழுத்து எங்கே இருக்கிறது, வரிவரியாக அழுக்கு. "நல்லா தொடச்சு வையும்மா" என்று அன்பாகத்தான் சொன்னேன். அடுத்த கண்ணுக்கும் அதே கதை. பதிவேட்டிலும் என் சீட்டிலும் இரண்டு பின்னங்களை எழுதினாள். விளக்கம் கேட்காமல் விடுவேனா? "மேல இருக்கறது நீங்க உக்காந்திருக்கற தூரம் சார், ஆறு மீட்டர். அதே எழுத்த நல்ல கண்ணு எவ்வளவு தூரத்துலேருந்து படிக்குமோ, அது கீழ." சீட்டைப் பார்த்தேன். மேலே ஆறு, கீழே ஆறு. நல்ல கண்ணும் என் கண்ணும் சரிசமம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கண்ணெதிரே சுருக்காத பின்னம் கிடந்தால் கை சும்மா இருக்குமா? டாக்டர் அறைக்குப் போகிற வழியிலேயே பேனாவை எடுத்து இரண்டையும் அடித்துவிட்டு, ஒன்று, ஒன்று என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்ததும் பதறி எழுந்து, "ஒரு மீட்டர்தான் தெரியுதா? தனியாவா வந்தீங்க?" என்று என் கையைப் பிடித்து நாற்காலியைத் தடவிக் காட்டினார். "ஒண்ணுன்னா முழுசு சார்! நூத்துக்கு நூறு!" என்று கத்தினேன். பாவம், மூளையும் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பதிவேட்டைப் பாருங்கள் என்றால், அந்தப் பெண் அதைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாளாம். சான்றிதழ் கிடையாது. இரண்டு பேர் கைத்தாங்கலாக என்னை டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்கள். அதைப் பார்த்த உன் அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

வண்டி இல்லாமல் நான் எங்கே போவேன், யாரைப் பார்ப்பேன்? நினைத்தாலே அழுகை வருகிறது. நீ உடனே புறப்பட்டு வா. அந்தப் பதிவேட்டை டாக்டர் மேஜையில் விரித்துவைத்து நீ சாட்சி சொல்ல வேண்டும்.

உன் மனைவிக்கு அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், பின்னம் தெரிந்த குழந்தைக்கு இரட்டிப்பாக.

இப்படிக்கு,
இரண்டு முழுக் கண்களுடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் உன் அக்காவே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். மேலே ஆறுதானாம். கீழே அறுபதாம். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு பூஜ்யம் இருந்திருக்கிறது. "பூஜ்யமே கண்ணுக்குத் தெரியல, இதுல டாக்டரோட சண்டை வேறயா?" என்று கேட்டாள். கண்புரையாம், வியாழக்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். நீ சாட்சி சொல்ல வர வேண்டாம், வண்டி ஓட்ட வா. பின்னால் உட்கார எனக்குச் சம்மதம்.