பிரிட்டா சாப்பிட்ட உதவித்தொகை

இந்த வருஷ வருமான வரிக் கணக்கில் என் மனைவி மார்லிஸை மூக்கை நுழைக்க விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். எனக்கு ஒரு மீன்பிடிக் குடில் வேண்டும். உறைந்த ஏரியின் மேல் இழுத்துப்போய் வைத்து, பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் எங்கள் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாவில் அது இல்லாதவன் அரை ஆண்பிள்ளை. தவிர, சனிக்கிழமை தவறாமல் மார்லிஸின் அக்கா டோரீன் வந்துவிடுவாள். வாயைத் திறந்தால் மூடச் சாயங்காலம் ஆகும். என் கணக்குப்படி அரசாங்கம் தொள்ளாயிரம் டாலர் திருப்பித் தரும். பழைய குடில் ஒன்றுக்குப் போதும், தப்பித்தேன்!

எங்கள் மகள் பிரிட்டாவுக்குக் கல்லூரியில் முதல் வருஷம். கட்டணம் பன்னிரண்டாயிரம், உதவித்தொகையும் பன்னிரண்டாயிரம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எங்கள் கைக்காசு.

"உதவித்தொகை மொத்தமும் கட்டணத்துக்கே போச்சு. அதனால வரி இல்ல. முடிஞ்சுது!" என்றேன்.

"எட்டாயிரம்தாங்க கட்டணத்துக்கு" என்றாள் மார்லிஸ். "மீதி நாலாயிரத்தை நம்ம பொண்ணு சாப்பிட்டுட்டா."

"என்னது?"

"சாப்பாட்டுக்கும் செலவழிக்கலாம்னு உதவித்தொகை விதியிலயே இருக்கு. அப்படியே காட்டுங்க."

"சாப்பாட்டுக்குப் போனா அது அவ வருமானம் ஆயிடுமே! பெத்த பொண்ணு தலையில வரியைக் கட்டுறியே, நீ தாயா, வரி அதிகாரியா?"

"வரி வந்தாத்தானே? ஐஸ்கிரீம் கடையில அவ சம்பாதிச்சது மூவாயிரம். இதையும் சேர்த்தா ஏழாயிரம். அவ்வளவுக்கு வரியே கிடையாது."

"இதுல நமக்கென்ன லாபம்?"

"கட்டணத்துல நாலாயிரம் நாம கட்டினதா ஆகும். கல்விச் சலுகைன்னு நம்ம வரியில ரெண்டாயிரத்து ஐநூறு குறையும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். "வருமானத்தைக் கூட்டிக் காட்டினா வரி குறையுமாம்! உன் வழியில கூடுதலா வர்ற ஒவ்வொரு டாலரும் உனக்கே. எடுத்துக்கோ!"

"நான் சாட்சி" என்றாள் சோபாவிலிருந்து டோரீன். அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"உங்க மனைவி சொல்றது சரிதான் சார்" என்றார் அங்கிருந்த அம்மாள். "பெற்றோர் கூட்டத்துல இதைத்தானே ஒரு மணி நேரம் விளக்கினோம். நீங்க வரலையா?"

அன்று நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன்.

பணம் வந்தது. மார்லிஸ் அவள் பங்கில் வாங்கி வந்தது என்ன தெரியுமா? குடில்! புத்தம் புதுசு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா சந்தேகப்பட்டேன்! என் தொள்ளாயிரத்தையும் கொண்டுபோய் அடுப்பு, மெத்தை, திரைச்சீலை என்று கொட்டி அதை அலங்கரித்தேன்.

டிசம்பரில் ஏரி கெட்டிப்பட்டது. சனிக்கிழமை காலை தூண்டிலோடு வாசலுக்கு ஓடினேன். வண்டியில் டோரீன் உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் என் கையிலிருந்த தூண்டிலை வாங்கிக்கொண்டாள்.

"குடிலுக்குள்ள ரெண்டு பேருக்குத்தாங்க இடம்" என்றாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் வீடு நிம்மதியாகத்தான் இருக்கிறது. அக்காவும் தங்கையும் பிடித்து வருகிற மீனுக்குச் செதில் சுரண்டுவதுதான் என் வேலை.