இன்னும் கொஞ்சம் திருப்பு

"ஏறுச்சா?"

மொட்டைமாடியிலிருந்து வாத்தியார் கத்தினார்.

"இறங்கிடுச்சுங்க!" என்று ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. இன்வெர்ட்டரும் அதன் மீட்டரும் அங்கேதான், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தன.

வில்லன், மாடியில் நிற்கும் பழைய ஆன்டெனாக் கம்பம். அதன் நிழல் ஒரே ஒரு சோலார் பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும்.

"கியூவுல ஒருத்தர் நின்னுட்டா பின்னாடி இருக்கறவங்களும் நின்னுதானே ஆகணும்? அந்த மாதிரி சார். மதியம் ரம்பத்தோட வர்றேன், அறுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மெக்கானிக்.

அறுப்பதா! அப்பா நட்ட கம்பம் அது. டிவியில் படம் போடும் மாலைகளில் அப்பா மேலே நின்று கம்பத்தைத் திருப்புவார். டிவி முன்னால் அம்மா. நடுவே, படிக்கட்டில், டவுசர் போட்ட வாத்தியார். "இன்னும் கொஞ்சம்" என்பாள் அம்மா. "இன்னும் கொஞ்சம்பா!" என்று இவர் மேலே கத்துவார். அப்பா வியர்க்க வியர்க்கத் திருப்புவார். அப்பா போன பிறகும் அந்தக் குரல்கள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பதாக வாத்தியாருக்கு ஒரு நினைப்பு. யாரும் பார்க்காதபோது அதைத் தடவிக் கொடுப்பதும் உண்டு.

"மெக்கானிக் வர்றதுக்குள்ள மீட்டர் ஏறினா கம்பம் இருக்கட்டும். இல்லேன்னா பேச்சே கிடையாது" என்று மனைவி கெடு வைத்திருந்தாள்.

பேனலில் கை வைக்கும் முன், மெக்கானிக் எச்சரித்திருந்தபடி தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சோலார் சுவிட்சை அணைத்தார். பேனலைக் கழற்றி நகர்த்தினார். அது நேராகத் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்தது.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க!"

தள்ளியதில் முட்டி பெயர்ந்தது. கம்பத்தையே சாய்த்துவிடலாம் என்று துணிக்கொடியை அவிழ்த்து இழுத்துக் கட்டினார். நிழல் இப்போது குறுக்காக மூன்று பேனல்களில் படுத்துக்கொண்டது.

"நானே கீழே வந்து பார்க்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! ஏறுது... ஏறுது... போச்சு! நீங்க அங்கேயே இருங்க!"

கொடியிலிருந்து எடுத்துப் போட்ட ஈரப் போர்வை காற்றில் பறந்து வந்து ஒரு பேனலை முழுசாக மூடியது.

"ஆங், இப்போ நல்லா ஏறுதுங்க! அப்படியே பிடிச்சுக்குங்க!"

போர்வை மூடினால் மின்சாரம் ஏறுமா? பாடப் புத்தகத்தில் இல்லாத விஞ்ஞானம். ஆனாலும் அப்பாவின் கம்பத்துக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரம்பத்தோடு மாடியேறிய மெக்கானிக் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு தொட்டி ஓரத்தைப் பார்த்தார்.

"சார், சுவிட்ச் ஆஃப்ல இருக்கே! கீழே மீட்டர் இருட்டாத்தானே கிடக்கும்?"

"அப்போ இவ்வளவு நேரம் இவ எதைப் பார்த்துச் சொன்னா?"

இருவரும் இறங்கினார்கள். ஹாலில் மாமியாரும் மருமகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் படம் உச்சகட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெக்கானிக் தம்பி, அந்தக் கம்பத்தை மட்டும் அறுத்துடாதே. இவன் அப்பாவும் இப்படித்தான், கீழே இருந்தா தொணதொணன்னு பேசி ஒரு படம் பார்க்க விடமாட்டார்!"